அசையாத கருவி ஏன் சுழற்சியைக் காட்டுகிறது?

2022 டிசம்பரில், சென்னை தேசியப் பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆளில்லாக் கலம் ‘ஓஎம்இ 6000’ மத்திய இந்தியப் பெருங்கடலில் 5,271 மீட்டர் ஆழத்தில் கனிம வளத்தை ஆராய்ந்தது. அந்த ஆழத்துக்கு ஜி.பி.எஸ். அலை எட்டாது. இத்தகைய கலங்கள் சுழற்சியை அளக்கும் ஜைரோவும் வேக மாற்றத்தை அளக்கும் முடுக்கமானியும் தரும் அளவுகளைக் கூட்டிக்கூட்டி இருப்பிடத்தைக் கணிக்கின்றன.

ஆபத்தும் அந்தக் கூட்டலில்தான். முடுக்கமானி ஒவ்வொரு நொடியும் வேகத்தில் நொடிக்கு 0.01 மீட்டரை மிகையாகச் சேர்த்துக்கொண்டே போனால், 100 நொடியில் 50 மீட்டர் விலகல்; 200 நொடியில் 200 மீட்டர்!

இந்தப் பிழையைக் கண்டறியும் முதல் சோதனைக்குக் கடல் வேண்டாம். பெங்களூரு ஆஸ்டின் டவுனில் அதிராத ஒரு மேசை போதும். பூமி சுழல்வதால், 13 டிகிரி அட்சரேகையில் இருக்கும் அந்த மேசையில் செங்குத்தாக நிறுத்திய ஜைரோ மணிக்குச் சுமார் 3.4 டிகிரி காட்டியாக வேண்டும். கூடினாலும் குறைந்தாலும் அது கருவியின் பிழை. முடுக்கமானியை நிமிர்த்தி ஒருமுறை, கவிழ்த்து ஒருமுறை அளந்து கூட்டினால் பூஜ்யம் வர வேண்டும். மிஞ்சுவதில் பாதிதான் அதன் பிழை.

கைபேசி ஜைரோவின் இரைச்சலில் அந்த 3.4 டிகிரி மூழ்கிப்போகும். ஆழ்கடலுக்கு அந்த ஜைரோ உதவாது.