திக்லிபூரிலிருந்து வீடு நோக்கி

வீட்டை விட்டுப் புறப்படும் பயணத்தைப் பற்றி எழுதியவர் பலர். வீட்டிற்குத் திரும்பும் பயணத்தைப் பற்றி எழுதியவர் சிலரே. ஆயினும், பிறந்த மண்ணை விட்டு வந்து வாழும் நம்மவர்க்குத் திரும்பும் பயணமே பெரிது. கப்பல் ஏறும் நாள் வருமுன்பே ஊர் கண்முன் வந்து நின்றுவிடுகிறது. பெட்டி கட்டும்போதே மனம் பாதி வழியைக் கடந்துவிடுகிறது.

கனடா நாட்டில் வாழும் உறவினர் வாயிலாக ஒரு செய்தியை அன்பர்கள் கேட்டிருக்கக் கூடும். அங்கே கணவனும் மனைவியுமாக ஒரு வேனை வாங்கி, அதனுள் படுக்கையும் அடுப்பும் தண்ணீர்த் தொட்டியும் அமைத்துக்கொண்டு, நாட்டின் ஒரு கோடியிலிருந்து மறு கோடியில் உள்ள தம் வீடு வரை ஓட்டிச் செல்கின்றனர். 1962-ஆம் ஆண்டு முறைப்படி திறந்துவைக்கப்பட்ட கனடாவின் பெருஞ்சாலை, அட்லாண்டிக் கடலோரத்துச் செயின்ட் ஜான்ஸ் நகரையும் பசிபிக் கடலோரத்து விக்டோரியா நகரையும் இணைப்பது, 7,000 கி.மீ.-க்கும் மேற்பட்டது. பொழுது சாய்ந்தால், வண்டிகள் தங்குவதற்கென அமைந்த இடத்தில் நிறுத்தி உறங்குகின்றனர்; விடிந்ததும் மேலே செல்கின்றனர். வண்டியே வீடு, வழியே ஊர்.

நம் அந்தமானிலும் அத்தகைய பயணத்திற்கு ஏற்ற சாலை ஒன்று உண்டு. அதுவே வடக்கே திக்லிபூரையும் தெற்கே தலைநகரையும் இணைக்கும் அந்தமான் நெடுஞ்சாலை. 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்ற போர்ட் பிளேயரே அத்தலைநகர். நீளம் சுமார் 300 கி.மீ.தான். கனடாவின் சாலைக்கு முன் இது ஒரு சிற்றோடை. ஆனால், கனடாவின் நெடுவழியில் பயணி விரும்பும்போது வண்டியை நிறுத்தி இளைப்பாறலாம். நம் சாலையிலோ ஒரு பகுதியில் நிற்கவே கூடாது. அந்தப் பகுதியைப் பற்றியே இக்கட்டுரையில் சொல்ல விரும்புகிறேன்.

எங்கள் இல்லம் புரோத்ராபூரில். எங்கள் மகளும் மருமகனும் இருப்பது திக்லிபூரில். பேரக்குழந்தையைக் கண்டு, மூன்று வாரம் தங்கி, நானும் என் துணைவியாரும் எங்கள் ஆம்னி வேனில் திரும்பினோம். பின்னிருக்கையைக் கழற்றிவிட்டுப் பலகை போட்டு, அதன்மேல் மெத்தை விரித்திருந்தோம். ஒரு மூலையில் சிறிய அடுப்பு, ஒரு குடம் தண்ணீர், புளிச்சோற்றுத் தூக்கு, மகள் கட்டிக்கொடுத்த தேங்காய்கள். அவ்வளவே எங்கள் நடமாடும் வீடு.

திக்லிபூரை விட்டு நீங்கும்போது, அந்தமான் தீவுகளின் மிக உயர்ந்த சிகரமாகிய சேடில் பீக், 732 மீட்டர் உயரத்தில் மேகம் போர்த்து நின்றது. வயல்களும் பாக்குத் தோட்டங்களும் இரு மருங்கிலும் வந்தன. ஆஸ்டின் ஓடைமேல் அமைந்த செங்கப்பா பாலத்தைக் கடந்தால் வட அந்தமான் முடிந்து நடு அந்தமான் தொடங்குகிறது. அங்கிருந்து மாயாபந்தர் தொலைவில் இல்லை. அதன் அருகே வெபி என்னும் சிற்றூரில், 1925-ஆம் ஆண்டில் பர்மாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கரென் மக்களின் வழித்தோன்றல்கள் வாழ்கின்றனர். மேலும் தெற்கே ரங்கத். பிரிவினைக்குப் பின் கிழக்கு வங்காளத்திலிருந்து வந்த அகதிக் குடும்பங்கள் காடு திருத்திக் கழனி கண்ட நிலம் அது. அங்குத் தேநீர்க் கடையில் நாற்புறமும் காது கொடுத்தால் வங்கம், இந்தி, தெலுங்கு, தமிழ் எனப் பல மொழிகள் ஒருங்கே ஒலிக்கும்.

இச்சாலையில் ஓடுவது குடியேற்ற வரலாற்றின் ஏடுகளை ஒவ்வொன்றாகப் புரட்டுவது போன்றது. ஒவ்வொரு கூட்டத்தாரும் ஒரு வீட்டை இழந்தோ துறந்தோ இங்கு வந்தனர். இங்கு மற்றொரு வீட்டைக் கட்டினர். நாமும் அவ்வாறே. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இத்தீவுகளில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் 57,000-க்கும் மேற்பட்டோர். மொத்த மக்களில் நூற்றுக்குப் பதினைவர்.

நிற்க. கதம்தலாவைக் கடந்து ஹம்ப்ரி நீரிணையை அடைந்தோம். முன்னாளில் இங்கு வண்டிகள் படகுக்குக் காத்துக் கிடக்கும். இப்போது ஒன்றரைக் கி.மீ. அளவு நீளமுள்ள பாலம் இருப்பதால், அக்கரையிலுள்ள பாராடாங் தீவை நொடியில் அடைந்தோம். ஆனால் தீவின் தென்கரையில், நீலாம்பூர்த் துறையில், படகின் முன் நீண்ட வரிசை. எங்கள் முறை வருமுன்பே அக்கரையிலிருந்து அன்றைய கடைசி வண்டி அணி புறப்பட்டுவிட்டது என்ற செய்தி வந்தது. இனி மறுநாள் காலைதான்.

வண்டி அணி என்றால் என்ன என்பதை, அவ்வழி செல்லாத அன்பர்களுக்காகச் சொல்கிறேன். அக்கரையில் நடு நீரிணைத் துறையிலிருந்து ஜிர்காடாங் காவல் சாவடி வரை சற்றேறக்குறைய 49 கி.மீ. சாலை, ஜாரவா மக்களுக்கென ஒதுக்கப்பட்ட காட்டினூடே செல்கிறது. அதில் எந்த வண்டியும் தனித்துச் செல்ல இயலாது. குறித்த நேரங்களில், காவலர் துணையுடன், எல்லா வண்டிகளும் ஒரே அணியாகப் புறப்படும். கடைசி அணி பிற்பகலிலேயே போய்விடும். பயணிகளின் பெயர்களையும் வண்டியின் விவரங்களையும் சாவடியில் எழுதிக் கொடுக்க வேண்டும். மணிக்கு 40 கி.மீ. வேகத்தை மீறலாகாது; முந்தலாகாது; நிற்கலாகாது; படம் எடுக்கலாகாது; உணவோ துணியோ எதையும் கொடுக்கலாகாது. இவற்றை மீறுவோர் சிறைத் தண்டனைக்கும் உள்ளாகலாம்.

அன்றிரவு பாராடாங்கில் வேனிலேயே தங்கினோம். இத்தீவுகளில் மாலை ஐந்தரைக்கே இருள் சூழ்ந்துவிடும். துறையருகே வேறு சில வண்டிகளும் நின்றன. ஒரு லாரி ஓட்டுநர் மீன் குழம்பு வைத்தார். எங்கள் புளிச்சோற்றில் அவருக்கும் பங்கு கிடைத்தது. ஒரு வண்டியில் நோயுற்ற முதியவர் ஒருவர் படுத்திருந்தார். தலைநகரிலுள்ள ஜி. பி. பந்த் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்கின்றனர் என்றனர். அவர் மகன் இரவு முழுவதும் உறங்காமல் விசிறிக்கொண்டிருந்தார். வட அந்தமானில் வாழ்வோர்க்கு இச்சாலை என்னவென்பதை அம்மகனின் கை சொல்லிற்று.

காலையில் முதற்படகில் நீரிணையைக் கடந்து, அணியில் சேர்ந்தோம். வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டுக்குள் நுழைந்தன. வானளாவிய மரங்கள், கதிரவன் புகாத நிழல், எஞ்சின் ஓசையைத் தவிர வேறு ஓசையில்லை. நெடுநேரம் பேசாதிருந்த என் துணைவியார் மெல்லச் சொன்னார்: "நம் வீட்டுக் கூடத்தின் வழியே நாள்தோறும் இப்படி வண்டிகள் வரிசையாகப் போனால் நாம் பொறுத்திருப்போமாங்க?"

இதற்கு என்னிடம் விடை இல்லை. ஜாரவா மக்கள் எங்கிருந்தும் வந்து குடியேறியவர் அல்லர். நம் நினைவுக்கும் ஏடுகளுக்கும் எட்டாத காலம் முதல் அங்கேயே இருப்பவர். 2011 கணக்கெடுப்பில் அவர்கள் 380 பேர். 1956-இல் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குவிதி இயற்றப்பட்டது. அடுத்த ஆண்டிலேயே அவர்கள் காடு ஒதுக்கிடமாக அறிவிக்கப்பட்டது. ஆயினும் 1970-களில் அக்காட்டினூடே சாலை வெட்டும் பணி முனைந்து நடந்தது. வெட்டியவரும் அம்பு எய்தவரும் இரு தரப்பிலும் துன்புற்றனர்.

1996-இல் கால் முறிந்து கிடந்த ஜாரவா இளைஞன் ஒருவன் தலைநகர் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டுக் குணமடைந்து திரும்பினான். அடுத்த ஆண்டு முதல் அவனைச் சேர்ந்தோர் படைக்கலமின்றி வெளியே வரத் தொடங்கினர். நட்பு வந்தது, அதன் பின்னே நோயும் வந்தது. 1999-இல் அவர்களிடையே தட்டம்மை பரவியது. நம் குழந்தைகள் ஓர் ஊசியால் தப்பும் நோய், முன்பின் அதனை அறியாத உடலில் பெருந்தீயாகப் பற்றும்.

2002 மே மாதம் உச்ச நீதிமன்றம், ஒதுக்கிடத்தினூடே செல்லும் சாலைப் பகுதியை மூடுமாறு ஆணையிட்டது. ஆனால் வண்டிகள் ஓடிக்கொண்டே இருந்தன. 2012-இல், உணவைக் காட்டி ஜாரவா பெண்களை ஆடச் செய்த படக்காட்சி உலகெங்கும் வெளியாகி, நம் அனைவரையும் தலைகுனியச் செய்தது. அதன்பின் சட்டம் மேலும் கடுமையாக்கப்பட்டது.

சாலையை உடனே மூடிவிட்டால் பாராடாங்கில் விசிறிக்கொண்டிருந்த மகன் என்ன செய்வார்? இப்படியே திறந்து வைத்திருந்தால் காட்டிலுள்ளோர் என்ன ஆவர்? இரண்டும் உண்மையான கேள்விகள். கடல்வழியை நன்கு வளர்த்தால் சாலையின் சுமை குறையும் என்பது என் கருத்து. வட தீவுகளுக்குக் கப்பல் நாள்தோறும் தவறாது ஓடுமானால், வேடிக்கை காண்போரும் சரக்கும் அவ்வழியே போகலாம். நோயாளிக்கு மட்டும் சாலை மிஞ்சும். அது அரசாங்கத்தின் பணி. அதனைக் கேட்பது நம் பணி.

அதுவரை நம் கையில் உள்ளவை சில. வடக்கே உறவினரைக் காணச் செல்லும் குடும்பத்தார், புறப்படும் முன்பே குழந்தைகளிடம் இவ்வழியின் முறையை எடுத்துச் சொல்ல வேண்டும். காட்டுக்குள் நுழையுமுன் தின்பண்டங்களைக் கட்டி வைத்துவிடுக. கைப்பேசியைப் பைக்குள் இடுக. பழத்தோலோ காகிதமோ வெளியே வீசாதீர். விருந்தினராக வரும் ஊரார், "ஜாரவாவைக் காட்டுங்கள்" என்று கேட்பர். அவர்களிடம், "அது காட்சிச்சாலை அன்று, பிறர் வீடு" என்று கூசாமல் சொல்லுங்கள்.

நாங்கள் அன்று காட்டில் எவரையும் காணவில்லை. காண விழையவும் இல்லை. ஜிர்காடாங் சாவடியில் அணி கலைந்தது. ஃபெரார்கஞ்ச் வழியாக நண்பகலுக்குள் புரோத்ராபூரை அடைந்து கதவைத் திறந்தோம். மூன்று வாரம் பூட்டிக் கிடந்த வீட்டின் வாசனை வந்து முகத்தில் மோதிற்று. வீடு என்பதன் அருமையை அறிந்தவர்கள், வழியிலுள்ள மற்றொரு வீட்டின் அமைதியையும் காப்பார்களாக.