நாற்பது வருஷம் கழித்து வெளிவந்த கச்சேரி!

ஏலத்துக்குப் போன ஒலிநாடாக்கள் – காத்திருந்த ரசிகர்கள்

அமெரிக்காவில் ஒரு பாட்டுக் கோஷ்டி இருந்தது. அதன் உயிர்நாடியாக விளங்கிய பாடகர் 1995ஆம் ஆண்டு ஆகஸ்டு 9ஆம் தேதி காலமானார். அந்த வருஷக் கடைசியிலேயே கோஷ்டியும் கலைந்தது.

அதோடு கதை முடிந்ததா? அதுதான் இல்லை! கலைந்துபோன அந்தக் கோஷ்டியின் கச்சேரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் 'புதிது புதிதாக' வெளிவந்துகொண்டிருக்கின்றன. 2012 முதல் ஒரு வரிசையில் மட்டும் வருஷத்துக்கு நான்கு கச்சேரிகள்! அடுத்து வரப்போவது எந்த ஊர்க் கச்சேரி, எந்தத் தேதிக் கச்சேரி என்று ஆயிரக்கணக்கான ரசிகர்கள் ஆவலோடு காத்திருக்கிறார்கள். ஆளுக்கொரு ஜோசியம் சொல்கிறார்கள். தங்கள் ஊர்க் கச்சேரி வரவில்லையே என்று கோபித்துக்கொள்கிறவர்களும் உண்டு.

அந்தக் கோஷ்டியின் பெயர் 'கிரேட்புல் டெட்'. காலமான பாடகர் ஜெர்ரி கார்சியா.

பெயரே விசித்திரம்!

'கிரேட்புல் டெட்' என்றால் 'நன்றி மறவாத இறந்தவன்' என்று பொருள். 1965இல் ஓர் அகராதியைப் புரட்டியபோது கார்சியாவின் கண்ணில் பட்ட சொற்கள் இவை. பல தேசங்களில் வழங்கும் ஒரு பழைய நாடோடிக் கதையின் பெயர் அது.

ஒரு வழிப்போக்கன் போகிற வழியில் ஒரு பிணத்தைக் காண்கிறான். கடன் கொடுத்தவர்கள் அதை அடக்கம் செய்யவிடாமல் தடுத்து வைத்திருக்கிறார்கள். மனம் பொறுக்காமல் அவன் கையிலிருந்த காசை எல்லாம் கொடுத்துக் கடனைத் தீர்த்து, முன்பின் தெரியாத அந்த மனிதனை நல்லடக்கம் செய்கிறான். பின்னொரு நாள் அவனுக்கு ஆபத்து வருகிறது. அப்போது இறந்தவனே உருமாறி வந்து அவனைக் காப்பாற்றுகிறான். இதுதான் அந்தக் கதை.

ஒரு நாள் போல் மறு நாள் இல்லை

கலிபோர்னியாவில் தோன்றிய இந்தக் கோஷ்டி முப்பது வருஷங்களில் 2,300க்கும் மேற்பட்ட கச்சேரிகள் நடத்தியது. சாதாரணமாக ராக் இசைக் கோஷ்டிகள் ஒரே பாட்டு வரிசையை ஊர் ஊராகப் பாடிச் செல்வது வழக்கம். இவர்கள் அப்படி அல்ல. இன்று பாடிய வரிசையை நாளை பாட மாட்டார்கள். ஒரே பாட்டு ஒரு நாள் ஐந்து நிமிஷத்தில் முடியும்; இன்னொரு நாள் இருபது நிமிஷம் விரியும். நம் சங்கீதத்தில் மனோதர்மம் என்கிறோமே, ஏறக்குறைய அதுதான்.

மனோதர்மம் என்றால் அபாயமும் உண்டு. சில நாள் மேடையில் எதுவுமே கூடி வராது. சில நாள் எல்லாமே கூடி வரும். அப்படிக் கூடி வந்த நாள் எது என்று தேடுவதே இந்த ரசிகர்களின் வாழ்நாள் வேலை. 'டெட்ஹெட்' என்று அவர்களுக்குப் பட்டப்பெயரும் உண்டு.

ரசிகர்களே ஒலிப்பதிவாளர்கள்

கச்சேரி மண்டபத்துக்குள் ஒலிப்பதிவுக் கருவியோடு நுழைந்தால் பிடித்து வெளியேற்றுவதுதான் மற்றக் கோஷ்டிகளின் வழக்கம். இந்தக் கோஷ்டியோ கண்டும் காணாமல் விட்டது. கடைசியில், 1984 அக்டோபரில், பதிவு செய்கிறவர்களுக்கென்றே மண்டபத்தில் தனி இடம் ஒதுக்கிக் கொடுத்துவிட்டது! நீண்ட கோல்களின் உச்சியில் மைக்குகளைக் கட்டி நிறுத்தி, ரசிகர்கள் கச்சேரியைப் பதிவு செய்தார்கள்.

அதற்கு ஒரே ஒரு நிபந்தனைதான். நாடாவைக் காசுக்கு விற்கக் கூடாது. வேண்டுகிறவர் வெற்றுக் காசெட்டையும் திரும்பி வருவதற்கான தபால் தலையையும் அனுப்புவார். வைத்திருப்பவர் பிரதி எடுத்து அனுப்புவார். முகம் பார்த்தறியாதவர்கள் கூட இப்படித் தபால் மூலமே சிநேகிதர்களானார்கள்.

பனி பெய்த இரவு

1977ஆம் ஆண்டு மே 8ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. அன்று அமெரிக்காவில் அன்னையர் தினம். நியூயார்க் ராஜ்யத்தில் இத்தாகா என்ற ஊரில் உள்ள கார்னெல் பல்கலைக் கழகத்தின் பார்ட்டன் மண்டபத்தில் கச்சேரி. மே மாதம் பிறந்தும் அன்று பனி பெய்தது. 'மார்னிங் டியூ' என்ற நெடிய பாட்டோடு பிரதான நிகழ்ச்சி முடிந்தது. ஜனங்கள் விடவில்லை. மறுபடி மேடைக்கு வந்து கடைசியாக ஒரு பாட்டுப் பாடினார்கள். வேடிக்கை என்னவென்றால், ஞாயிற்றுக்கிழமை இரவு பாடிய அந்தப் பாட்டின் பெயர் 'ஒன் மோர் சாட்டர்டே நைட்' – 'இன்னுமொரு சனிக்கிழமை இரவு'!

கோஷ்டிக்கு அது ஊர் ஊராகச் சென்ற பிரயாணத்தில் மற்றுமொரு கச்சேரி. மறுநாள் பபலோ நகரில் அடுத்த கச்சேரிக்குப் போய்விட்டார்கள். ஆனால் அந்த இரவை முழுவதுமாகப் பிடித்து வைத்தவர் ஒருவர் இருந்தார். அவர் ஒரு பெண்மணி.

பெட்டி கான்டர் ஜாக்சன் என்பது அவர் பெயர். ஒலிப்பதிவுத் தொழிலில் பெண்களைக் காண்பதே அரிதாயிருந்த அக்காலத்தில், 1960களின் பிற்பகுதியிலேயே அவர் இந்தக் கோஷ்டியிடம் வேலைக்கு வந்தவர். மேடையிலிருந்து வரும் ஒலிகளைத் தமக்கெனத் தனியாகக் கலந்து, 'நாக்ரா' என்னும் உயர்ந்த ரகக் கருவியில் பதிவு செய்வார். கேட்கிறவருக்கு மேடை நடுவிலேயே நிற்பது போலிருக்கும். கோஷ்டியின் பணியாளராயிருந்த அவருடைய கணவர் ரெக்ஸ் ஜாக்சன் 1976இல் மோட்டார் விபத்தில் இறந்தார். அதற்கு அடுத்த வருஷம் பதிவானதுதான் கார்னெல் கச்சேரி.

ஏலத்துக்குப் போன சங்கீதம்

பின்னர் ஜாக்சன் அம்மையாருக்கும் கோஷ்டிக்கும் தொடர்பு அறுந்தது. அவருக்குக் கஷ்ட காலம் வந்தது. வீடும் கைவிட்டுப் போயிற்று. சாமான்களையும் ஒலிநாடாக்களையும் ஒரு வாடகைக் கிடங்கில் போட்டு வைத்தார். வாடகை கட்ட முடியவில்லை. 1986இல் கிடங்கில் இருந்தவை ஏலத்துக்கு வந்தன.

பழைய மேஜை நாற்காலியோடு நூற்றுக்கணக்கான நாடாச் சுருள்களும் ஏலம் போயின! எடுத்தவர்கள் ஒருவரல்ல, சிலர். அவை வெவ்வேறு இடங்களுக்குப் பிரிந்து போயின. ஒரு பகுதி ஈரத்தில் கிடந்து பூஞ்சணம் பிடித்தது. ராப் ஈட்டன் என்ற ஒலிப்பதிவு நிபுணர் அவற்றை ஒவ்வொன்றாகச் சுத்தம் செய்து, மிகுந்த பொறுமையோடு உயிர்ப்பித்தார்.

இதற்குள் சில நாடாக்களின் பிரதிகள் ரசிகர்களிடம் பரவின. அவற்றில் ஒன்று கார்னெல். அதுவரை ரசிகர்கள் கேட்டதெல்லாம் மண்டபத்தின் கூச்சலோடும் இரைச்சலோடும் கலந்த பதிவுகள். இதுவோ பளிங்கு போலிருந்தது. பிரதிக்குப் பிரதி, அதற்குப் பிரதி என்று அந்தக் கச்சேரி நாடெங்கும் போயிற்று. 1977இல் பார்ட்டன் மண்டபத்தில் இருந்தவர்கள் சில ஆயிரம் பேர். அதைப் பிறகு கேட்டவர்களைக் கணக்கிட முடியாது.

இரண்டு பூட்டு

அப்படியானால் கம்பெனியே அதை முறைப்படி வெளியிட்டிருக்கலாமே?

முடியவில்லை. நாடாவை ஏலத்தில் எடுத்தவர்களிடம் நாடா இருந்தது. பாட்டை வெளியிடும் உரிமை இல்லை. கோஷ்டியிடம் உரிமை இருந்தது. மூல நாடா இல்லை. ஒரே கதவுக்கு இரண்டு பூட்டு, சாவி ஆளுக்கொன்று. பேச்சு வார்த்தைகள் வருஷக்கணக்கில் இழுத்தன. ஒவ்வொரு தடவையும் "இதோ வருகிறது" என்று வதந்தி கிளம்பும். ரசிகர்கள் ஆவலோடு எதிர்பார்ப்பார்கள். வராது.

இதற்கிடையில் ஒரு விநோதம் நடந்தது. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம், தேசத்தின் செல்வமாகப் போற்ற வேண்டிய ஒலிப்பதிவுகளை வருஷந்தோறும் தேர்ந்தெடுக்கிறது. 2012இல் வெளியான பட்டியலில் கார்னெல் கச்சேரியும் இடம் பெற்றது. தேசத்தின் பொக்கிஷம்! ஆனால் கடையில் போய்க் கேட்டால் கிடைக்காது!

கடைசியில் நாடாக்கள் கோஷ்டியின் சேமக் கிடங்குக்குத் திரும்பின. 2017ஆம் ஆண்டு மே 5ஆம் தேதி, கச்சேரி நடந்து நாற்பது வருஷம் நிறைவதற்கு மூன்று நாள் முன்னதாக, கார்னெல் கச்சேரி மூன்று குறுந்தகடுகளாக வெளிவந்தது. அதே வாரத்தில் நடந்த நியூ ஹேவன், பாஸ்டன், பபலோ கச்சேரிகளையும் சேர்த்துப் பதினொரு குறுந்தகடுகள் கொண்ட தொகுப்பும் வந்தது. "பதிவு செய்தவர்" என்ற இடத்தில் ஜாக்சன் அம்மையாரின் பெயர் இருந்தது.

கையில் இருப்பதை ஏன் வாங்க வேண்டும்?

முப்பது வருஷமாக இனாமாகக் கேட்ட பாட்டைக் காசு கொடுத்து வாங்குவானேன்? இந்தக் கேள்வி ரசிகர்களுக்குள்ளேயே எழுந்தது.

காதுக்குச் சொல்லும் பதில் ஒன்று. பிரதி எடுக்க எடுக்கக் காசெட்டில் இரைச்சல் ஏறும். வேகமும் மாறும், சுருதி கூடிக் குறையும். மூல நாடாவில் பாட்டோடு கூடவே காதுக்குக் கேட்காத உயர்ந்த அதிர்வு ஒன்றும் பதிந்திருக்கும். நாடா ஓடும் வேகம் தடுமாறினால் அந்த அதிர்வும் தடுமாறும். அதையே அளவுகோலாக வைத்து, கம்ப்யூட்டரைக் கொண்டு ஒவ்வொரு கணமும் வேகத்தைச் சரிப்படுத்தினார்கள். பிரதிகளை வைத்துக்கொண்டு இதைச் செய்ய இயலாது.

மனத்துக்குச் சொல்லும் பதில் வேறு. ரசிகர்கள் அந்த நாடாவைத் தலைமுறை தலைமுறையாகப் பேணி வந்தார்கள். அது திருட்டுப் பண்டமாகவே முடிந்துவிடாமல், பாடியவர்கள் கையாலேயே வெளிவர வேண்டும் என்பது பலருடைய ஆசை. "கார்னெலை விடப் பபலோதான் உசத்தி" என்று வாதாடுகிற கட்சியும் உண்டு. அவர்களும் காத்துத்தான் இருந்தார்கள்.

சண்டையும் உண்டு

கோஷ்டிக்கும் ரசிகர்களுக்கும் எப்போதும் சுமுகம் என்று சொல்ல முடியாது. 2005 நவம்பரில், இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணைய நூலகத்திலிருந்து கச்சேரிகளை இனாமாக எடுத்துக்கொள்ளும் வசதி திடீரென்று நிறுத்தப்பட்டது. ரசிகர்கள் கொதித்தெழுந்தார்கள். "நாங்கள் பேணி வளர்த்ததை எங்களிடமிருந்தே பூட்டுவதா?" என்பது அவர்கள் கட்சி. கோஷ்டியில் பேஸ் கிதார் வாசித்த பில் லெஷ், இந்த முடிவு தமக்குத் தெரிவிக்கப்படவில்லை என்று பகிரங்கமாகவே சொன்னார். சில நாட்களில் சமரசம் ஏற்பட்டது. ரசிகர்கள் மைக் வைத்து எடுத்த பதிவுகளை எடுத்துக்கொள்ளலாம்; மேடைக் கருவியிலிருந்து நேராக எடுத்த பதிவுகளைக் கேட்க மட்டும் செய்யலாம் என்று முடிவாயிற்று.

விலையும் ஒரு குறைதான். 1972இல் ஐரோப்பாவில் நடத்திய 22 கச்சேரிகளையும் 73 குறுந்தகடுகளில் அடக்கி, 2011 ஜனவரியில் அறிவித்தார்கள். விலை 450 டாலர்! மொத்தம் 7,200 தொகுப்புகள்தான். நான்கே நாட்களில் அத்தனையும் தீர்ந்தன. பணம் கட்டியவர்களுக்குச் சரக்கு வந்து சேர்ந்ததோ செப்டம்பரில்.

காத்திருப்பதிலும் ருசி

1993இல் இந்த வெளியீடுகளைத் தொடங்கி வைத்த டிக் லட்வாலாவே ஒரு ரசிகர்தான். நாடா சேகரிக்கும் பைத்தியம் முற்றி, கடைசியில் கோஷ்டியின் நாடாக் கிடங்குக்கே காவலரானார். அவர் பெயரில் வந்த வரிசை 36 தொகுதிகளோடு 2005இல் முடிந்தது. 1999இல் அவர் மறைந்த பின் பொறுப்பேற்றவர் கனடாக்காரரான டேவிட் லெமியூ. இவர் பெயரால் வருவதுதான் வருஷத்துக்கு நான்காக வரும் இன்றைய வரிசை. ஒவ்வொரு பிரதிக்கும் வரிசை எண் உண்டு. குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் அச்சிடுவதில்லை. வருஷத்துக்கு முன்பணம் கட்டுகிறவர்களுக்கு, வரப்போகும் கச்சேரிகள் எவையென்றே தெரியாது! தெரியாமலேயே கட்டுகிறார்கள்.

கோஷ்டியினரும் ஒவ்வொருவராக மறைகிறார்கள். பில் லெஷ் 2024 அக்டோபரில் காலமானார். 1977இல் மாணவர்களாய்ப் பார்ட்டன் மண்டபத்தில் நின்றவர்களுக்கு இன்று எழுபது வயதை ஒட்டியிருக்கும். 2023ஆம் ஆண்டு மே 8ஆம் தேதி, பழைய கோஷ்டியின் சிலரைக் கொண்டு அமைந்த 'டெட் அண்டு கம்பெனி' அதே மண்டபத்தில் பாடியது. பழைய நாடாவைக் கேட்டே வளர்ந்த, 1977இல் பிறந்தே இராத இளைஞர்கள் அதற்கு வந்திருந்தார்கள்.

ஏலத்தில் போயிருந்த நாடாக்களைக் குப்பை என்று யாராவது எறிந்திருந்தால் அந்தப் பனி பெய்த இரவு அன்றோடு அழிந்திருக்கும். யார் யாரோ தங்கள் கைக்காசைச் செலவழித்துச் சுத்தம் செய்தார்கள், பிரதி எடுத்தார்கள், தபாலில் அனுப்பினார்கள். கலைந்துபோன கோஷ்டி இன்று அவர்களுக்கு ஒவ்வொரு கச்சேரியாகத் திருப்பித் தந்துகொண்டிருக்கிறது. நாடோடிக் கதையில் வரும் இறந்தவன் செய்ததும் அதைத்தான்.