கனாவைக் கடத்தல்: இஸ்லாமிய மரபில் கனவு விளக்கம்

தமிழில் நாம் கனாவுக்குப் 'பலன்' கேட்கிறோம். நாளை என்ன நேரும் என்பதே அச்சொல்லின் நோக்கு. அரபு மொழியில் கனவு விளக்கத்தைக் குறிக்கும் 'தஃபீர்' என்னும் சொல்லின் வேர், ஆற்றைக் கடத்தல் என்னும் பொருளுடையது. கண்ட காட்சி ஒரு கரை, அதன் கருத்து மறுகரை, விளக்குபவர் ஓடக்காரர். நம் அண்டை மொழியாகிய மலாயும் 'தாபிர் மிம்பி' என இச்சொல்லை ஏற்றுள்ளது. இவ்வேர்ப்பொருளைக் கைவிளக்காகக் கொண்டு, இஸ்லாமிய மரபு கனவை எவ்வாறு மதிப்பிட்டது எனக் காண்போம்.

திருக்குர்ஆனின் 12ஆம் அத்தியாயம் யூசுஃப் நபியின் வரலாறு. பதினொரு விண்மீன்களும் கதிரவனும் நிலவும் தமக்குப் பணியக் கண்டதாக இளம் யூசுஃப் கூறியதும், இதனை உடன்பிறந்தாரிடம் சொல்லாதே என்றே தந்தை யஃகூப் முதலில் எச்சரித்தார். பின்னர் எகிப்து மன்னர் ஒரு கனவு கண்டார். ஏழு மெலிந்த பசுக்கள் ஏழு கொழுத்த பசுக்களைத் தின்றன. ஏழு பசுங்கதிர்களோடு உலர்ந்த கதிர்களும் தோன்றின. அவையோர் அதனை 'அள்காஸ் அஹ்லாம்' என்று ஒதுக்கினர். அள்காஸ் என்பது பலவகைப் புல் கலந்த கைப்பிடிக் கட்டுகள். பொருளற்ற கலவை என்பது அவர்தம் கருத்து. யூசுஃபோ ஏழாண்டு விளைச்சலையும் அடுத்து வரும் ஏழாண்டு வறட்சியையும் அதில் கண்டார். உண்ணும் அளவு போக எஞ்சியதைக் கதிரிலேயே விட்டுவைக்குமாறு வழியும் கூறினார்.

கனவுகள் மூவகை என்பது நபிகள் நாயகத்தின் விளக்கம்: இறைவனின் நற்செய்தி, ஷைத்தான் தரும் துயரம், மனம் தன்னோடு பேசிக்கொள்வது. நல்ல கனவை 'ருஃயா' என்றும் தீய கனவை 'ஹுல்ம்' என்றும் ஹதீஸ் வழக்குப் பிரிக்கிறது. நல்ல கனவு நபித்துவத்தின் 46 கூறுகளுள் ஒன்று எனப்படுகிறது. தீய கனவு கண்டவர் இறைவனிடம் காவல் தேடி, மறுபுறம் திரும்பிப் படுத்து, எவரிடமும் அதைச் சொல்லாதிருக்க வேண்டும். கனவைச் சொல்வதும் சொல்லாதிருப்பதும் இங்கே அறமாகின்றன.

விளக்குபவரின் கருவி பெரும்பாலும் மொழியே. பஸ்ராவில் வாழ்ந்து ஹிஜ்ரி 110இல் மறைந்த இப்னு ஸீரீனைப் பற்றி ஒரு செய்தி வழங்குகிறது. பாங்கு சொல்வதாகக் கனவு கண்ட இருவர் அவரிடம் வந்தனர். ஒருவருக்கு ஹஜ்ஜுப் பயணம் வாய்க்கும் என்றார். மற்றவர் திருட்டுக்குற்றத்தில் கை இழப்பார் என்றார். பாங்கைக் குறிக்கும் 'அதான்' என்னும் சொல்லின் வேர்ப்பொருள் அறிவித்தல். அவ்வேர் குர்ஆனில் ஓரிடத்தில் ஹஜ்ஜுக்கு அழைக்கும் அறிவிப்பையும், யூசுஃப் அத்தியாயத்தில் பயணக் கூட்டத்தாரைத் திருடர் எனக் கூறும் அறிவிப்பையும் சுட்டுகிறது. எவருக்கு எப்பொருள் என்பதைக் கண்டவரின் இயல்பை நோக்கியே அவர் முடிவுசெய்தாராம்.

அப்படியாயின், இன்ன பொருளைக் கண்டால் இன்ன பலன் என அடுக்கும் பட்டியல்கள் எவ்வளவு தூரம் செல்லும்? இப்னு ஸீரீன் பெயரால் விற்கப்படும் கனவு நூல்களும் பிற்காலத் தொகுப்புகளே.

கனவின் அதிகாரத்திற்கும் மரபு எல்லை வகுத்தது. பாங்கின் வாசகங்களை நபித்தோழர் அப்துல்லாஹ் இப்னு ஸைத் கனவில் கேட்டார் என்கிறது ஹதீஸ். நபிகளார் ஏற்றபின்னரே அது நடைமுறையாயிற்று. நபிமார் அல்லாதார் காணும் கனவு மார்க்கச் சட்டத்திற்கு ஆதாரமாகாது என்பது அறிஞர்தம் முடிவு. 'எனக்குக் கனவில் கட்டளை வந்தது' என்று ஒருவர் பிறரை ஆளத் துணியும்போது, இவ்வெல்லையை நாம் நினைவிற்கொள்ளல் வேண்டும்.

சொல்லுக்குப் பொருள் தருவது அகராதி மட்டுமன்று. சொல்பவரும் சூழலும் சேர்ந்தே தருகின்றனர். வகுப்பறையில் நாம் கற்பிக்கும் இப்பாடத்தைக் கனவு விளக்குநர் நெடுங்காலமாக அறிந்திருந்தனர். மறுகரையை அறியாதவர் ஓடத்தைத் தள்ளாதிருப்பதே நலம்.