டெல்லியைச் சுற்றிக் காட்டும் பேருந்தும் பிரயாணியின் உரிமையும்

டெல்லி மாநகரத்தை ஒரே பகலில் காட்டிவிடுவதாகச் சொல்லும் சுற்றுலாப் பேருந்துகளின் விளம்பரத் துண்டுகளில் பத்துப் பதினைந்து இடங்களின் பெயர்கள் வரிசையாக அச்சிடப்பட்டிருப்பதைக் கண்டதும், இவ்வளவு சொற்பக் கட்டணத்துக்கு இத்தனை ஸ்தலங்களா என்று மனம் பூரிப்பது இயல்பே. ஆயினும், வடக்கே ஷாஜஹான் எழுப்பிய செங்கோட்டைக்கும் தெற்கே மெஹ்ரோலியிலுள்ள குதுப்மினாருக்கும் இடையே நெரிசல் மிகுந்த சாலைகளில் 15 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டியிருப்பதை யோசித்துப் பார்ப்பவருக்கு, அப்பட்டியலில் பாதியை ஜன்னல் வழியாகவே தரிசிக்க நேரும் என்பது விளங்கிவிடும்.

ஆகவே, எத்தனை இடங்கள் என்று கேட்பதைவிட, எந்தெந்த இடத்தில் இறக்கிவிடுவீர்கள், அங்கே எவ்வளவு நேரம் நிற்பீர்கள் என்று கேட்டு, அதை எழுத்தில் வாங்கிக்கொள்வதே விவேகம். கிழமையையும் பார்க்க வேண்டும். செங்கோட்டை, தாமரைக் கோயில், அக்ஷர்தாம் ஆகிய மூன்றுக்கும் திங்கட்கிழமை விடுமுறை. ஆக்ராவின் தாஜ்மஹாலுக்கோ வெள்ளிக்கிழமை. இதைச் சொல்லாமலே வெள்ளியன்று அழைத்துச் சென்று, யமுனையின் அக்கரையிலிருந்து சலவைக்கல் மண்டபத்தைச் சுட்டிக்காட்டிவிட்டு, மீதிப் பொழுதைக் கைவினைப் பொருள் அங்காடிகளில் கழிக்கச் செய்தால், அது பிரயாணியின் துரதிர்ஷ்டமன்று, விற்றவரின் குற்றம். கோட்டையில் அரை மணியும் கடையில் ஒன்றரை மணியும் பேருந்து நிற்குமானால், கமிஷன் எங்கிருந்து வருகிறது என்று ஊகிக்க ஜோசியம் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

ரயில் நிலையத்தருகே அரசாங்க அலுவலகம் போலப் பெயர்ப்பலகை மாட்டியிருக்கும் தனியார் ஏஜென்சிகள் பல. மத்திய அரசின் சுற்றுலா அலுவலகம் ஜன்பத் சாலையில் 88-ஆம் எண்ணில் உள்ளது. சொந்த உபயோகத்துக்குரிய வெள்ளை எண் பலகை தாங்கிய வண்டியில் கட்டணம் கொடுத்து ஏறினால், விபத்து நேரும்போது காப்பீட்டு நிறுவனம் பொறுப்பைத் தட்டிக்கழிக்க இடமுண்டு. தொல்லியல் துறையின் நினைவுச் சின்னங்களில் 15 வயதுக்குட்பட்டோருக்கு நுழைவுக் கட்டணமே இல்லையாதலால், குழந்தைக்கும் சேர்த்து எவரேனும் வசூலித்தால் சீட்டைக் காட்டச் சொல்லலாம்.

வாக்களித்த இடத்தைக் காட்டாமல் விட்டால், 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி அது சேவைக் குறைபாடாகும்; ரசீது கொடுக்க மறுப்பதையும் அச்சட்டம் நியாயமற்ற வர்த்தகம் என்றே வகுக்கிறது. பிரயாண மத்தியிலேயே உதவி தேவையெனில் சுற்றுலா அமைச்சகத்தின் 1363 என்ற எண்ணையும், பின்னர் முறையிட 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணையும் அழைக்கலாம். அதிலும் தீராவிடில், டெல்லியில் நடந்த அநீதிக்கு டெல்லிக்கே போய் வழக்காட வேண்டுமோ என்று அஞ்சிப் பலர் வாளாவிருந்துவிடுகிறார்கள். உண்மையில், திருநெல்வேலிக்காரர் தாம் வசிக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் மனுச் செய்யலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாதவரை மனுவுக்குக் கட்டணமில்லை. வக்கீல் வைப்பதும் கட்டாயமன்று. விளம்பரத் துண்டு, ரசீது, பேருந்தின் எண், ஒவ்வோரிடத்திலும் இறக்கி ஏற்றிய நேரத்தைக் குறித்த காகிதம் ஆகியவற்றை ஊர் திரும்பும்வரை பத்திரப்படுத்தி வைத்திருந்தால், அந்த மனுவுக்கு வேண்டிய சாட்சியம் கையிலேயே இருக்கும்.