தொழுகையில் அழுதல்

தொழுகையில் அழுதல் என்பது, இறைவன் முன் நிற்கிறோம் என்ற உணர்வு மேலிட்டுத் தொழுபவர் கண்ணீர் விடுவதாகும். இஸ்லாமிய நூல்கள் இதனை உள்ளச்சத்தோடு (குஷூஉ) இணைத்துக் கூறுகின்றன.

மூல நூல்களில்

குர்ஆனின் 23ஆம் அத்தியாயத் தொடக்கம், வெற்றி பெறும் நம்பிக்கையாளரின் பண்புகளில் தொழுகையின் உள்ளச்சத்தை முதலில் வைக்கிறது. 17:109, 19:58 ஆகிய வசனங்கள் அழுதபடி சஜ்தாவில் விழுவோரைப் பற்றியவை. தொழும்போது நபிகள் நாயகத்தின் நெஞ்சிலிருந்து, அரைக்கும் திரிகையின் ஓசை போல் அழுகை எழுந்ததாக அபூதாவூத் தொகுப்பு கூறுகிறது. நபிகள் நோயுற்றிருந்தபோது, அபூபக்ர் தொழுகை நடத்தினால் அவரது அழுகையில் ஓதுவது மக்களுக்குக் கேட்காது என்றார் ஆயிஷா. எனினும் அவரையே நடத்தச் சொன்னார் நபிகள். இது புகாரி தொகுப்பில் உள்ளது.

சட்டநிலை

சத்தமின்றி வழியும் கண்ணீர் தொழுகையை முறிக்காது. வாய்விட்டு அழுவதில்தான் கருத்து வேறுபாடு உண்டு.

- ஹனஃபி: வலி, உலகத் துயரம் காரணமாகச் சத்தமிட்டு அழுதால் தொழுகை முறியும். சொர்க்கம், நரகம் பற்றிய நினைவால் அழுதால் முறியாது.
- ஷாஃபிஈ: காரணம் எதுவாயினும், அழுகையில் இரண்டு எழுத்துகள் அளவுக்கு ஒலி வெளிப்பட்டால் முறியும். அடக்க முடியாமல் வரும் சிறிதளவு மன்னிக்கப்படும்.

தமிழ்நாட்டில் காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடலோர ஊர்களில் ஷாஃபிஈ மத்ஹபும், உள்நாட்டு ராவுத்தர்களிடையே ஹனஃபி மத்ஹபும் பெரிதும் பின்பற்றப்படுகின்றன.

துயரக் கண்ணீர்

விருதுநகர் மாவட்டப் பட்டாசுத் தொழில் வட்டாரத்துக்கு எதிர்பாராத மரணம் புதிதன்று. 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் நிகழ்ந்த வெடிவிபத்து பலரைப் பலிகொண்டது. இத்தகைய இழப்பைச் சந்தித்தவர் தொழுகையில் கலங்கினால் தொழுகை செல்லுமா என்பது ஏட்டளவிலான கேள்வியன்று. மேற்கண்ட விதிப்படி, கண்கள் நனைவதால் மட்டும் தொழுகை கெடாது. தொழுகைக்கு வெளியே, தம் மகன் இப்ராஹீம் இறந்தபோது நபிகளும் கண்ணீர் விட்டார். ஆனால் ஒப்பாரி வைப்பதையும் கன்னத்தில் அறைந்துகொள்வதையும் அவர் தடுத்தார்.

முகஸ்துதி

பிறர் பார்க்க வேண்டும் என்று அழுவது முகஸ்துதி, அது கண்டிக்கப்படுகிறது. தனிமையில் இறைவனை நினைத்துக் கண்ணீர் விடுபவர், மறுமையில் இறைவனின் நிழலைப் பெறும் ஏழு வகையினருள் ஒருவர் என்கிறது நபிமொழி. அழுகை தொழுகையின் கடமைகளில் ஒன்றன்று. பொருளுணர்ந்து நிதானமாக ஓதித் தொழுபவருக்குக் கண்ணீர் வராவிட்டாலும் அவரது தொழுகை நிறைவேறும்.