புல்லுக்குக் கீழே ஒரு பல்கலைக்கழகம்

மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணி சொந்த மண்ணில் ஆடும் சனிக்கிழமைகளில், அரங்கத்துக்கு எதிரே இருக்கும் பல்கலைக்கழகக் கோல்ஃப் மைதானத்தில் யாரும் கோல்ஃப் ஆடுவதில்லை. அன்றைக்கு அது கார் நிறுத்துமிடம். ஒரு லட்சம் பேருக்கு மேல் கொள்ளும் அரங்கம். வருகிற வண்டிகளை எங்கேயாவது நிறுத்தியாக வேண்டுமே! 1931-ல் திறக்கப்பட்ட அந்த மைதானத்தை வடிவமைத்தவர் அலிஸ்டர் மெக்கென்சி. மாஸ்டர்ஸ் போட்டி நடக்கும் அகஸ்டா மைதானத்தை பாபி ஜோன்ஸுடன் சேர்ந்து உருவாக்கியவர். அவர் கைபட்ட புல்வெளியில் வண்டிகள் வரிசை கட்டி நிற்கும்.

கோல்ஃப் ரசிகர்களுக்கு நெஞ்சு பதறும் காட்சிதான். ஆனால், பல்கலைக்கழக மைதானத்தின் நிலைமை அதுதான். தனியார் கிளப் என்றால் உறுப்பினர்களின் விருப்பமே சட்டம். இங்கோ கல்லூரி அணி, சலுகைக் கட்டணத்தில் ஆட வரும் மாணவர்கள், பேராசிரியர்கள், பழைய மாணவர்கள், ஊர்க்காரர்கள், நன்கொடையாளர்கள், விளையாட்டுத் துறை, நிதித் துறை என்று ஆளாளுக்கு உரிமை கொண்டாடுகிறார்கள். இத்தனை பேரையும் சமாளித்துக்கொண்டு, புல்லையும் சாகவிடாமல் காப்பாற்ற வேண்டும்.

அமெரிக்காவில் 18 குழிகள் கொண்ட ஒரு மைதானத்துக்குச் சராசரியாகச் சுமார் 150 ஏக்கர் நிலம் வேண்டியிருக்கிறது. விடுதி கட்ட இடமில்லை, ஆய்வகம் கட்ட இடமில்லை என்று தவிக்கும் பல்கலைக்கழகத்தின் நிர்வாகக் குழுவில் யாராவது ஒருவர் அந்த 150 ஏக்கரைச் சுட்டிக்காட்டிக் கேள்வி கேட்காமல் இருக்க மாட்டார். நியாயமான கேள்விதான். டைகர் உட்ஸ் படித்த காலத்தில் ஆடிய ஸ்டான்ஃபோர்டு மைதானத்துக்கு இருப்பதுபோன்ற பெயரும் புகழும் மட்டும் அதற்கு முழுப் பதிலாகிவிடாது. பனிக்காலத்தில் வடக்கு மாநிலங்களில் மாதக்கணக்கில் வசூல் இருக்காது. சம்பளமும் பராமரிப்பும் நிற்காது. பணம் இறுகும்போது முதலில் கை வைக்கப்படுவது கண்ணுக்குத் தெரியாத வேலைகளில்தான்: வடிகாலைப் பழுதுபார்ப்பது, மண்ணைத் துளையிடுவது, மரக்கிளைகளைக் கழிப்பது. அதன் பலன் உடனே தெரியாது. இரண்டு மூன்று பருவங்கள் கழித்துப் புல் கருகும்போது தெரியும். அதற்குள் அந்த முடிவை எடுத்தவர் வேறு பதவிக்குப் போயிருப்பார்.

அந்த வேலைகள் ஏன் அவ்வளவு முக்கியம் என்று புரியக் கிரீனைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும். கிரீன் என்பது குழி இருக்கும் இடம். பந்தை உருட்டி விளையாடும் வழவழப்பான புல்தரை. 18 கிரீன்களையும் சேர்த்தால்கூட மூன்று ஏக்கர்தான் வரும். மைதானத்தின் உயிர் அதில்தான் இருக்கிறது. அங்கே புல்லை ஏறக்குறைய மூன்று மில்லிமீட்டர் உயரத்துக்கு வெட்டுகிறார்கள். ஒரு ரூபாய் நாணயங்கள் இரண்டை அடுக்கி வைத்தால் எவ்வளவு இருக்குமோ அவ்வளவுதான் புல். இலை அவ்வளவு குட்டையாக இருந்தால் உணவு தயாரிக்கும் பரப்பும் குறைவு. வேரும் ஆழமாக இறங்காது. எனவே, அந்தப் புல் எப்போதும் தீவிர சிகிச்சைப் பிரிவில்தான் வாழ்கிறது. விடியும் முன்பே ஆட்கள் வந்து பனித்துளியைத் தட்டிவிடுகிறார்கள், இலை நெடுநேரம் ஈரமாக இருந்தால் பூஞ்சை பிடித்துவிடும் என்பதால். 108 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழியையும் அடிக்கடி இடம் மாற்றி வெட்டுவார்கள். இல்லாவிட்டால், அதைச் சுற்றியே எல்லோரும் மிதித்து மண் இறுகிவிடும்.

மண் இறுகுவதுதான் இந்த விளையாட்டின் பெரிய பகை. கால்களும் இயந்திரங்களும் மிதிக்க மிதிக்க மண்ணிலுள்ள காற்றறைகள் நசுங்குகின்றன. மழைநீர் உள்ளே இறங்காமல் மேலேயே நிற்கிறது. வேர் மூச்சுத் திணறுகிறது. இதற்கு வைத்தியம், உள்ளே துளையுள்ள இரும்பு முனைகள் பொருத்திய இயந்திரம். அது கிரீன் முழுக்க விரல் தடிமனில் மண் உருளைகளைப் பிடுங்கிப் போட்டுக்கொண்டே போகும். பிறகு அந்தத் துளைகளில் மணலை நிரப்புவார்கள். சில நாட்களுக்குப் பந்து தடுமாறும். காசு கொடுத்து ஆட வந்தவர்கள் முணுமுணுப்பார்கள். அந்த முணுமுணுப்புக்குப் பயந்து வேலையைத் தள்ளிப்போடும் மைதானம் அடுத்த கோடையில் கிரீனையே பறிகொடுக்கும்.

அடியில் என்ன இருக்கிறது என்பதும் முக்கியம். அமெரிக்க கோல்ஃப் சங்கம் 1960-ல் கிரீன் கட்டுவதற்கு ஒரு முறையை வெளியிட்டது. கீழே வடிகால் குழாய்கள், அவற்றின் மேல் 10 சென்டிமீட்டர் சரளை, அதற்கு மேல் 30 சென்டிமீட்டர் மணல் கலவை. நுண்ணிய மணலில் இருக்கும் நீர், பெரிய இடைவெளிகள் கொண்ட சரளைக்குள் எளிதில் இறங்காது. மணலின் அடிப்பகுதியிலேயே தங்கி வேருக்கு உதவும். பெருமழை பெய்து மணல் நிறைந்ததும் மிச்ச நீர் சரளைக்குள் விழுந்து குழாய் வழியாக ஓடிவிடும். வெயிலில் ஈரம் காக்கவும் மழையில் நீர் வடிக்கவும் தெரிந்த எளிய ஏற்பாடு. இதில் குழாய் அடைத்துக்கொண்டால், மேலே எவ்வளவு உரம் போட்டும் பயனில்லை.

பல்கலைக்கழகங்கள் புல்லை வளர்த்தது மட்டுமல்ல, புல்லையே உருவாக்கியும் இருக்கின்றன. குளிர்ப் பகுதிகளின் கிரீன்களைப் பல பத்தாண்டுகள் ஆண்ட ‘பென்கிராஸ்’ ரகம், பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பர்ட்டன் மஸர் ஆய்வில் பிறந்து 1955-ல் வெளியானது. வெப்பப் பகுதிகளுக்கான கதை நமக்கு இன்னும் நெருக்கம். ஜார்ஜியா மாநிலத்தின் டிஃப்டன் ஊரில் உள்ள ஆராய்ச்சி நிலையத்தில் கிளென் பர்ட்டன் என்ற விஞ்ஞானி, பருத்தி விவசாயிகள் களை என்று சபித்த ஒரு புல்லை எடுத்துக்கொண்டார். நாம் பிள்ளையாருக்குச் சாத்தும் அருகம்புல்தான் அது. அதை ஆப்பிரிக்க இனம் ஒன்றோடு சேர்த்து, விதையே வைக்காத, நெருக்கமாகப் படரும் ஒட்டு ரகங்களை உருவாக்கினார். விதை கிடையாது என்பதால் தண்டுத் துண்டுகளை நட்டுத்தான் பரப்ப முடியும். அமெரிக்கத் தெற்கின் கோல்ஃப் மைதானங்கள் பலவற்றின் புல் இந்த வம்சத்தில் வந்தது. அதே பர்ட்டன் கம்பிலும் ஆராய்ச்சி செய்தார். அவர் உருவாக்கிய ‘டிஃப்ட் 23ஏ’ என்ற தாய் வரிசையைக் கொண்டுதான் இந்தியாவின் முதல் வீரிய ஒட்டுக் கம்பு 1965-ல் வெளியானது. புல்தரை ஆராய்ச்சியைப் பணக்காரர்களின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிட முடியாது என்று நான் நினைப்பதற்கு இது ஒரு காரணம்.

இனி, மேம்படுத்துவது என்ற விஷயத்துக்கு வருவோம். இதில் யேல் பல்கலைக்கழகத்தின் அனுபவம் எல்லோருக்கும் பாடம். (சென்னை ஜார்ஜ் கோட்டையில் 1687 முதல் 1692 வரை ஆளுநராக இருந்த எலிஹு யேலின் பெயரைத் தாங்கிய அதே பல்கலைக்கழகம்தான்.) 1924-ல், ரே டாம்ப்கின்ஸ் என்ற பழைய மாணவரின் நினைவாக அவருடைய மனைவி தந்த கொடையால், நியூஹேவன் நகரின் ஓரத்தில் சுமார் 700 ஏக்கர் பல்கலைக்கழகத்துக்கு வந்தது. பாறையும் சதுப்பும் காடும் கலந்த நிலம். சார்ல்ஸ் பிளேர் மெக்டொனால்டின் ஆலோசனையோடு சேத் ரெய்னர் வடிவமைத்தார். பாறைகளை வெடிவைத்துத் தகர்த்து 1926-ல் மைதானத்தைத் திறந்தார்கள். அந்த ஆண்டு ஜனவரியிலேயே ரெய்னர் இறந்துவிட்டார். செலவு 4 லட்சம் டாலருக்கு மேல். அன்றைக்கு மலைக்கவைத்த தொகை. ஒன்பதாவது குழிக்குப் போக, மேட்டிலிருந்து ஒரு குளத்தைத் தாண்டி 213 கெஜம் அடிக்க வேண்டும். போய்ச் சேரும் கிரீனின் குறுக்கே ஆள் இறங்கி மறையும் அளவுக்கு ஒரு பள்ளம் ஓடுகிறது.

இப்படிப்பட்ட மைதானம் எப்படிச் சீர்கெடும்? ஒரே நாளில் அல்ல. புல் வெட்டுபவர் ஓரம் சிதையக் கூடாதென்று ஒவ்வொரு முறையும் சற்று உள்ளே தள்ளி வண்டியைத் திருப்புகிறார். பத்தாண்டுகளில் கிரீன் பல அடி சுருங்கிவிடும். நட்ட மரமும் தானாக முளைத்த மரமும் வளர்ந்து நிழல் விழும். நிழலில் புல் மெலியும். மணல்குழிகளைப் பழுதுபார்க்க வருபவர் தம் ரசனைக்கு ஏற்பக் கொஞ்சம் மாற்றுவார். பெருந்தொற்று ஆண்டான 2020-ல் பராமரிப்பு குறைந்து யேல் மைதானம் மிகவும் பின்னடைந்தபோது பழைய மாணவர்கள் வெளிப்படையாகவே வருந்தினார்கள். பின்னர் பல்கலைக்கழகம், ரியோ ஒலிம்பிக் மைதானத்தை வடிவமைத்த கில் ஹான்ஸிடம் மறுசீரமைப்பை ஒப்படைத்தது. பணிக்காக மைதானம் மூடப்பட்டது. புதிதாக ஒன்றைக் கண்டுபிடிப்பது நோக்கமல்ல. மெக்டொனால்டும் ரெய்னரும் கட்டியதை மீட்பதே நோக்கம்.

இந்த அணுகுமுறை சரியானது என்றே தோன்றுகிறது. ஆனால், மறுசீரமைப்புக்குக் கிடைக்கும் பணம் பராமரிப்புக்குக் கிடைப்பதில்லை என்பது எங்கும் உள்ள சிக்கல். புதிய பயிற்சிக் கூடத்துக்கு நன்கொடையாளர் பெயர் வைக்கலாம். வடிகால் குழாய்க்கு யார் பெயரை வைப்பது? ஒரு மைதானத்தைப் பல லட்சம் டாலர் செலவில் மீட்கும் பல்கலைக்கழகம், அதே மூச்சில் அடுத்த இருபது ஆண்டுப் பராமரிப்புக்கும் தனி வைப்புநிதி ஒதுக்காவிட்டால், பேரப்பிள்ளைகள் காலத்தில் இன்னொரு மறுசீரமைப்புக்கு அச்சாரம் போடுகிறது என்றே அர்த்தம்.

இண்டியானாவின் பர்டியூ பல்கலைக்கழகம் வேறொரு வழியில் போனது. எனக்கு அதிகம் பிடித்ததும் அதுதான். பீட் டை என்ற புகழ்பெற்ற வடிவமைப்பாளர் அங்கே ஒரே ஒரு டாலர் கட்டணத்துக்கு ஒரு மைதானத்தை மாற்றிக் கட்டிக்கொடுத்தார். 1998-ல் திறக்கப்பட்ட கேம்பன் மைதானம் அது. புல்தரை மேலாண்மை படிக்கும் மாணவர்கள் கட்டுமானத்திலேயே வேலை பார்த்துக் கற்றார்கள். பக்கத்தில் செலரி பாக் என்ற இயற்கைச் சதுப்புநிலம். மைதானத்தில் போடும் உரமும் மருந்தும் மழையோடு அதில் கலந்துவிடுமே என்ற கவலை இருந்தது. அதனால், மைதானத்துக்குள்ளேயே செயற்கை ஈரநிலங்களை அமைத்தார்கள். மைதானத்தின் வடிகால் நீர் மட்டுமல்ல, அருகிலுள்ள விடுதிகள், வாகன நிறுத்துமிடங்கள், சாலைகளிலிருந்து வரும் மழைநீரும் அதற்குள் நுழைந்து, மெதுவாக நகர்ந்து, பிறகே வெளியேற வேண்டும்.

உள்ளே நடப்பது இதுதான். கோரையும் சம்பும் அடர்ந்து நிற்கும் ஆழமற்ற நீரில் வேகம் குறைகிறது. மண்துகள் அடியில் படிகிறது. அதோடு ஒட்டிவந்த மணிச்சத்தும் படிகிறது. காற்று எட்டாத சேற்றில் வாழும் நுண்ணுயிர்கள் நீரில் கரைந்த நைட்ரேட்டைச் சிதைத்து நைட்ரஜன் வாயுவாக மாற்றிவிடுகின்றன. ஏரிகளில் பாசி பெருகக் காரணமான தழைச்சத்து இப்படிக் காற்றோடு போய்விடுகிறது. ஆராய்ச்சியாளர்கள் பல இடங்களில் நீர் மாதிரி எடுத்துப் பார்த்து, 2004-ல் முடிவை வெளியிட்டார்கள். ஈரநிலத்தைக் கடந்த நீரில் இந்தச் சத்துகள் வெகுவாகக் குறைந்திருந்தன. உள்ளே வந்த மாசுக்கு மைதானத்தை மட்டுமே குற்றவாளியாக்கவும் முடியவில்லை. அக்கம்பக்கத்துச் சாலையும் நிறுத்துமிடமும் தங்கள் பங்கை அனுப்பியிருந்தன. தேங்கிய நீரைப் புல்லுக்கே திரும்பப் பாய்ச்சவும் முடிந்தது. நிர்வாகக் குழுவில் கேட்கப்படும் அந்த 150 ஏக்கர் கேள்விக்கு இது நல்ல பதில்: ஊரின் அழுக்கு நீரை வடிகட்டி அனுப்பும் நிலம், கூடவே மாணவர்கள் ஆய்வு செய்யும் களம்.

இத்தகைய அமைப்பைக் கட்டிவிட்டு மறந்துவிட முடியாது. படியும் வண்டல் ஏற ஏற ஆழம் குறையும், நீர் தங்கும் நேரம் குறையும், சுத்திகரிப்பும் குறையும். ஒரு நாள் தூர்வாரத்தான் வேண்டும். மொத்தமாக வாரினால் வேரும் நுண்ணுயிரும் சேர்ந்து போய்விடும் என்பதால், ஒரு பகுதியை விட்டுவைத்து மறுபகுதியை வாருவதே முறை. அந்தச் செலவை ஒரு குழி வெட்டும் கத்தியைப் போல, ஒரு மூட்டை உரத்தைப் போல, ஆண்டுக் கணக்கிலேயே முன்கூட்டி எழுதிவைக்க வேண்டும்.