ஓடுகிற கேமராவும் ஓடுகிற வண்டியும்

கூரத்திலிருந்து காஞ்சிபுரத்துக்கு பஸ்ஸில் வரும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து செல்போனில் வீடியோ எடுத்தேன். பட்டு நூல் மூட்டையோடு ஒருவர் டி.வி.எஸ். வண்டியில் போய்க்கொண்டிருந்தார். "மாப்ளே, அவர் என்ன ஸ்பீடுல போறார்னு இந்த வீடியோவை வச்சே சொல்லு பார்க்கலாம், ஒரு பிளேட் பரோட்டா பந்தயம்" என்றான் பக்கத்து சீட் நண்பன். ப்பூ, இவ்வளவுதானா என்று ஒத்துக்கொண்டேன். மூணு நாள் தூக்கம் போச்சு!

புளியமரம் என்றால் கவலையே இல்லை. நின்ற இடத்திலேயே நிற்கிறது. பஸ் இரண்டு இடங்களில் இருந்தபோது எடுத்த படங்களை வைத்து, இடத்துக்கொரு கோடு மரத்தை நோக்கி இழுத்தால், கோடுகள் வெட்டும் இடம்தான் மரம். சர்வேயில் பிளேன் டேபிள் வைத்து நாம் செய்யும் அதே வேலை. ஆனால் வண்டிக்காரர் அடுத்த படத்துக்குள் நகர்ந்துவிடுகிறாரே! கிட்டே மெதுவாகப் போகும் வண்டியும், தூரத்தில் வேகமாகப் போகும் வண்டியும் படத்தில் ஒரே மாதிரி தெரியலாம்.

அவிடான், ஷாஷுவா என்ற இருவர் 2000-ஆம் ஆண்டில் இதற்கு வழி சொன்னார்கள். வண்டி நேர்கோட்டில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். வெளியில் ஒரு கோட்டைக் குறிக்க 4 எண்கள் வேண்டும். கேமரா இருந்த இடம் தெரிந்தால், ஒவ்வொரு படமும் ஒரு சமன்பாடு தரும். 4 படத்தில் இரண்டு விடை வரலாம். 5-வது படம் சரியானதைக் காட்டிக்கொடுத்துவிடும். கோடு கிடைத்தால் வண்டி எந்த நொடியில் எங்கே என்பதும், வேகமும் கிடைத்த மாதிரிதான்.

இங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். பஸ்ஸும் வண்டியும் நேர் ரோட்டில் இணையாகப் போனால் எல்லாப் பார்வைக் கோடுகளும் ஒரே தளத்தில் விழுகின்றன. அந்தத் தளத்தில் எந்தக் கோட்டைப் போட்டாலும் கணக்கு சரியாக வரும்! 5 படம் என்ன, 500 படம் இருந்தும் பிரயோஜனமில்லை. பஸ் வளைய வேண்டும், இல்லையென்றால் நன்றாகக் குலுக்க வேண்டும். (நம்ம ரோட்டுப் பள்ளத்துக்கு இப்படியும் ஒரு உபயோகம்!)

இன்னொன்று, பஸ் எத்தனை மீட்டர் நகர்ந்தது என்று தனியாகத் தெரிய வேண்டும். படம் மட்டும் அளவைச் சொல்லாது. சந்திரயான்-3 லேண்டரிலும் இதே பிரச்சினைதான். நிலா நிற்கிறது, கேமரா ஓடுகிறது. பள்ளங்கள் படத்துக்குப் படம் எவ்வளவு நகர்கின்றன என்பதை, உயரமானி சொல்லும் உயரத்தோடு சேர்த்தால்தான் பக்கவாட்டு வேகம் கிடைக்கும். அந்த வேகம் தப்பினால் லேண்டர் குப்புற விழும். 2023 ஆகஸ்ட் 23-ல் பத்திரமாக இறங்கியது. அதன் திட்ட இயக்குநர் வீரமுத்துவேல், விழுப்புரத்தில் நம்மைப் போல மெக்கானிக்கல் டிப்ளமோ படித்தவர்!

என் வீடியோவில் பஸ் வளைவில் திரும்பியது நாலே நாலு விநாடி. அதை வைத்துத்தான் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். பரோட்டா இன்னும் பாக்கி.